ஆமை முட்டைக்குப் போட்ட பந்தல்

கோமாரி,
02.09.2011, வெள்ளிக்கிழமை.

என்ட செல்ல மகள் சுலோஜனாவுக்கு,

அம்மா எழுதுறன். திருக்கோவில் முருகன்ட காவலில இஞ்ச நானும் அப்பாவும் உண்டு குடிச்சி சுகமா இரிக்கம். அதே போல அங்க நீயும் மருமகன் பிரகாசும் என்ட பேரன் சுஜீபனும் ஒரு காச்சல் தடிமன் இல்லாம இரிக்கவேணும் எண்டு விளக்கு வைக்கக்குள்ள எல்லாம் கேக்கிறன். நீ அனுப்பின படம் கிடைச்சது. சுஜீபன் நல்லா வளந்திரிக்கான், ஆனா தலைமயிர் என்ன அப்பிடி, சவர் பிடிச்ச வைக்கோல் மாதிரி, ஒரு சொட்டு எண்ணெய் வைக்க அந்த சுவிஸ் அரசாங்கம் விடமாட்டனெண்டு சொன்னதா. மருமகன் போனமாசம் சொன்னாரு அங்க வெயில் கூடிப்போச்சி, விசிறி வாங்கினம் எண்டு. கேட்டுச் சிரிச்சன். இஞ்ச வந்து மேக்கால அனலா அடிக்கிற இந்த வருசத்துக் கச்சான் காத்துக்கு முன்னால ஒரு நாள் நிக்கச் சொல்லு, மறுகா கதைப்பம் வெயிலப் பத்தி. கிணத்தில வாளி விட்டா அடியில டங்கெண்டு முட்டுது, வாசல்ல நிண்ட கறிவேப்பிலை கருகிப்போச்சி, கோழி கூட வாயத் திறந்துகொண்டுதான் திரியுது.

டெலிபோன் இரிக்கக்குள்ள அம்மாவுக்கு ஏன் கடிதம் எண்டு நீ நினைப்பாய். டெலிபோன்ல நீ அம்மா எண்டு சொன்ன உடனே எனக்கு அழுகை வந்திரும், நான் அழுதா நீ அழுவாய், உன்னப் பாத்து உன்ட மகன் அழுவான், லைனும் அறுந்திரும், ஒரு விசயமும் கதைச்சி முடியா. இது நீளமான விசயம், ஆறுதலாச் சொல்லவேணும். அதோட இது அப்பாவப் பத்தினது, அவர் பக்கத்தில இரிக்கக்குள்ள என்னெண்டு சொல்லுற. அப்பா எப்பிடி இரிக்காரு எண்டு நீ ஒவ்வொரு தரமும் கேக்கிறதும், நான் ஓம் ஓம் நல்லா இரிக்காரு எண்டு சொல்றதும் வழக்கமாப் போச்சி. அது பொய் எண்டு உனக்கும் தெரியும். சுனாமிக்குப் பிறகு இந்த ஆறரை வருசமா உன்ட அப்பா தங்கத்துரை எண்ட மனிசன் இந்த வீட்டில இரிந்தாரே தவிர எங்களோட இரிக்கல்ல. வயல்ல கூலிக்குப் போவாரு, வருவாரு, வேலைக்குத் தக்கன சோறு திம்பாரு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாரு. கடற்கரைப் பக்கம் ஒரு நாள் கால் வைக்கல்ல. உன்ட தங்கச்சி விதுசாட பேர ஒரு நாள் வாய் திறந்து சொல்லல்ல. நானாச் சொன்னாலும் எழும்பிப் போயிருவாரு. நான் கத்தியும் பாத்தன், சாமிக்கு நேந்தும் பாத்தன், ஒண்டும் சரிவரல்ல. இந்த மனிசன் இப்பிடியே ஒரு நாளைக்கு முடிஞ்சிருவாரோ எண்டுதான் எனக்குப் பயம். பேசாம இரிந்தே செத்துப்போவாரோ எண்டு.

இனி ஆமைக் கதைக்கு வாறன், அவசரப்படாத, எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டுதான். நான் கடற்கரையில ஆமை முட்டை காக்கிற வேலைக்குப் போறன் எண்டு மாசியில சொல்லக்குள்ள நீ ஆமைக்கு ஆயாவா அம்மா எண்டு சிரிச்சாய். ஓம் மகள், ஆயாதான். சண்டை முடியுமட்டும் பொழுதுபட்டா நம்மட கரைக்கு ஆள் போக ஏலாது, காவலும் சோதனையும். மனிசருக்குத்தானே அதெல்லாம், ஆமைக்கு அடையாள அட்டையா கேட்டவங்க, அது பாட்டுக்கு வந்து இட்டிட்டுப் போயிரிக்கு. சண்டை முடிஞ்சி கரை திறந்த உடனே நம்மட சனம் செஞ்ச முதல் வேலை முட்டை தோண்டினதுதான். அதப் பாத்துத்தான் ஒரு சங்கம் துவங்கி, பொம்பிளையளாச் சேத்து, கரையில ஒரு துண்டுக்கு வேலி அடைச்சித் தந்தாங்க. கடல் அரிக்கிற இடத்தில ஆமை இட்டா நாங்க அந்தக் கையோட, முட்டை கீழ் மேல் புரளாம அள்ளிக் கொண்டுவந்து, ஆமை தோண்டின ஆழத்துக்கே குழி தோண்டி வேலிக்குள்ள வைக்கிறம். என்னோட வேலை செய்யிறது பொத்துவில் சல்மா உம்மா. அவவும் சுனாமிக்குப் புருசனக் குடுத்தவ. நாங்க ரெண்டுபேரும் சேந்தா வாய் மூடுறல்ல, ஆமை எங்கட சத்தத்துக்குப் பயந்து வராம விட்டிரும் எண்டு மத்தப் பொம்பிளையள் பகிடி பண்ணுவாங்க. வேலி அடைச்ச இடம் எது தெரியுமா, நம்மட பழைய வீட்டு வளவுக்கு நேர் கீழ. அத நான் அப்பாட்டச் சொல்லல்ல, ஆனா கோமாரியில ஆருக்குத் தெரியாம என்ன இரிக்கு.

உனக்கு ஞாபகம் இரிக்கும், முந்தி அந்த இடத்தில எவ்வளவு தாழை, எவ்வளவு தென்னை, அடம்பன் கொடி பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். கடல் வந்து எல்லாத்தையும் வழிச்சிக் கொண்டுபோன மறுகா இப்ப மொட்டை மணல். பத்து மணிக்குப் பிறகு செருப்பில்லாமப் போக ஏலா, கால் பொக்களிக்கும். அந்த மணலுக்குள்ளதான் நாங்க முட்டைய வெச்சம். சித்திரையில வெச்ச முதல் கூட்டுக்கு நாள் தாண்டியும் ஒரு அசைவு இல்ல. அப்பதான் ஒலுவில் கம்பஸ்ல படிப்பிக்கிற கமீலா மிஸ் எண்டு ஒரு புள்ள, கல்முனைக்குடியாள், சூடு பாக்கிற கம்பி ஒண்டக் கொண்டுவந்து மணலுக்குள்ள இறக்கிப் பாத்தா. பாத்திட்டு முகம் வாடிப்போச்சி. அவ சொன்னதக் கேளு, எனக்கு இன்னும் ஆச்சரியந்தான். ஆமை இடக்குள்ள முட்டைக்குள்ள இரிக்கிறது ஆணா பெண்ணா எண்டு முடிவாகிறல்லயாம். அதப் பிறகு மணல்ட சூடுதான் தீர்மானிக்குமாம். மணல் குளுந்து கிடந்தா ஆண், முப்பது டிகிரிக்குக் கிட்ட கலந்து வரும், அதுக்கு மேல போகப் போக எல்லாம் பெண், இன்னும் ஏறினா ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, முட்டைக்குள்ளயே வெந்து செத்திருமாம். எங்கட ஊர்ல பொட்டைப் புள்ளையாப் பெத்தா பெத்தவளப் போட்டுத் திட்டுவாங்களே, இனி மணலத் திட்டச் சொல்லலாம் எண்டு நான் சொன்னன். சல்மா உம்மா மண்ணில விழுந்து சிரிச்சா.

ஆனா மிஸ் சிரிக்கல்ல. உலகம் முழுக்க வருசத்துக்கு வருசம் சூடு ஏறிக்கொண்டு வருதாம், சில நாட்டில கரையில பிறக்கிற ஆமையெல்லாம் இப்பவே பெண்ணாத்தான் வருதாம். இண்டைக்குப் பாக்க நல்லாத்தான் இரிக்கும், நிறைய முட்டை வரும், ஆனா இதுகள் குமராகி வரக்குள்ள மாப்பிளைக்கு எங்க போறது எண்டு கேட்டா. எனக்கு அது உடனே விளங்கிச்சி. சண்டையும் வெளிநாடும் பொடியன்மார வழிச்சிக் கொண்டுபோன மறுகா நம்மட பக்கத்தில குமர்ப்புள்ளையளுக்குக் கலியாணம் பேச நாங்க படுற பாடு எனக்குத் தெரியாதா.

அப்ப நிழல் போடவேணும் எண்டு மிஸ் சொல்லிட்டுப் போனா. போட்டம் மகள், நாங்க போட்ட நிழலக் கேளு. சங்கத்தில ஒவ்வொருத்தர்ட வீட்டிலயும் சுனாமிக்குக் கூடாரம் அடிக்கத் தந்த தறப்பாள் மடிச்சிக் கிடக்குத்தானே, ஒருத்தரும் எறிய மனம் வராம வெச்சிரிக்கம். எல்லாரும் சந்தோசமாத் தூக்கிக்கொண்டு வந்து, காத்துத் தூக்காம இரிக்க இடுப்பளவு உயரத்தில இறுக்கிக் கட்டி, நாலு பக்கமும் மணலப் போட்டு மூடிவிட்டம். நல்ல இருட்டு நிழல். எங்களுக்கு என்ன பெருமை. மிஸ் திரும்ப வந்து கம்பிய இறக்கினா, முந்தி இரிந்ததவிடக் கூட. உள்ளுக்குக் கைய விட்டுப் பாத்தன், அடுப்பு வாய்க்குள்ள விட்ட மாதிரி ஆவி அடிக்குது. அப்பதான் எனக்குத் தலையில அடிச்சிக்கொள்ளவேணும் போல வந்தது. அந்தத் தறப்பாளுக்குள்ள வருசக்கணக்காக் கிடந்து வெந்த சனம் நாங்க. உச்சி வெயிலுக்கு உள்ள இரிக்க ஏலாமப் புள்ளையளத் தூக்கிக்கொண்டு மரத்துக்குக் கீழ ஓடின சனம். உலகத்தில ஒருத்தருக்குத் தெரியாட்டியும் எங்களுக்குத் தெரியவேணும் தறப்பாளுக்குள்ள எப்பிடி இரிக்கும் எண்டு, நாங்களே கொண்டுபோய் வாயில்லாத முட்டைக்கு மேல கட்டியிரிக்கம். சல்மா உம்மா யா அல்லாஹ் எண்டு தலையில கைய வெச்சிக்கொண்டு குந்திட்டா. முதல் கூடும் அதுக்குப் பிறகு வெச்ச இன்னொண்டும், ரெண்டும் போச்சி.

நாள் நல்லாத் தாண்டின மறுகா அதுகளத் தோண்டிப் பாத்தம், அப்பிடிப் பாக்கவேணும் எண்டு மிஸ் சொன்னவ. அண்டைக்கு எண்டு பாத்து நான் சோத்துப் பெட்டிய வீட்டில விட்டிட்டுப் போயிட்டன். என்ன நினைச்சாரோ, அப்பா அதத் தூக்கிக்கொண்டு வந்திரிக்காரு. ரோட்டால இறங்கி, பழைய வளவத் தாண்டி, வேலிக்குக் கிட்ட வந்து நிக்காரு. இத்தனை வருசத்தில முதல் தரம் அந்தப் பக்கம் வாறாரு மகள், வந்து பாத்த காட்சி எது எண்டா, மணலில வரிசையாப் பிளந்து வெச்ச முட்டையும் அதுக்குள்ள செத்துப்போன குஞ்சும். நல்லா வளந்த குஞ்சு. கால், ஓடு, கண் எல்லாம் இரிக்கு. பெட்டிய வேலியில கொழுவிட்டு அவர் திரும்பிப் போயிட்டாரு. அண்டைக்குச் சாப்பிடல்ல, அடுத்த நாள் வயலுக்கும் போகல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் சாமிப் படத்துக்கு முன்னால நிண்டு சண்டை பிடிச்சன். இந்த மனிசனுக்கு இன்னும் ஒண்டு காட்டவேணும் எண்டு உனக்கு இரிந்ததா, ஒரு தரம் காட்டினது போதாதா எண்டு கேட்டன். சாமி என்ன செய்யிற, தறப்பாளக் கட்டினது நாங்கதானே.

ஆனியில கடைசியா ஒரு ஆமை வந்தது. அதோட இந்த வருசத்துக்கு முடிஞ்சி. அந்த ஒரு கூடுதான் எங்கட கையில மிச்சம். கச்சான் அடிக்கத் துவங்கிற்று, நாளுக்கு நாள் மணல் சூடு ஏறுது எண்டு மிஸ் சொல்றா. உயரமா, காத்து உள்ளால போய் வாற மாதிரி, தென்னோலைக் கிடுகால ஒரு பந்தல்தான் சரி எண்டு எல்லாருக்கும் விளங்கிற்று. சங்கத்தில ரெண்டுபேர் வந்து கட்டினாங்க. அடுத்த நாளே கச்சான் அதப் பிடுங்கி மல்லாத்திப்போட்டு, ஒரு கம்பு கூட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் குத்திக்கொண்டு நிக்கிது. என்ட ஆத்தே. கடற்கரை மணலில, கச்சானுக்கு அசையாமப் பந்தல் போட இந்தப் பக்கத்தில ஆருக்கு ஏலும் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தரும் என்ட முகத்தப் பாத்துக் கேக்கல்ல. உன்ட அப்பா அக்கரைப்பற்று தொடக்கம் பொத்துவில் மட்டும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் பந்தல் போட்ட ஆள். சுனாமி வந்த அண்டைக்கும் பொத்துவில்ல ஷரிபுதீன் முதலாளிட மகள்ட கலியாணத்துக்குப் பந்தல் போடத்தான் போனவரு, காலையில மேல ஏறி வளை கட்டிக்கொண்டிரிக்கக்குள்ளதான் கடல் வந்தது. அவர் பந்தலுக்கு மேல இரிந்ததால தப்பினாரு, இஞ்ச விதுசா போயிட்டாள். அண்டையில இருந்து அவர் ஒரு கம்பு நடல்ல. அண்டைக்குச் செத்த ஒருத்தருக்கும் நம்மட ஊர்ல பந்தல் போட்டுச் சடங்கு செய்யல்ல, உனக்குத் தெரியும்தானே, போட ஆளும் இல்ல, போட வாசலும் இல்ல, நம்மட புள்ளைக்கு உடலும் இல்ல.

நான் கேட்டன் மகள். சோறு போட்டுக் குடுத்து, நல்ல விதமாத்தான் கேட்டன். அந்த ஒரு கூடு வெந்திரும், வந்து கட்டித் தாங்க எண்டு. சோத்துக் கோப்பைய அப்பிடியே வெச்சிட்டு எழும்பிட்டாரு. எனக்குப் பொறுக்க ஏலல்ல, முன்வாசல்ல நிண்டு அயல் கேக்கக் கத்தினன். உங்களுக்கு மட்டுந்தான் புள்ள போனதா, நான் பெத்தவள் இல்லயா, நான் அந்தக் கடலுக்குப் பக்கத்தில போய் நிக்கல்லயா எண்டு கேட்டன். வெளியில போயிட்டாரு. பொழுதுபடுமட்டும் வரல்ல. அண்டைக்கு நான் அழுத அழுகை உனக்கு வேணாம்.

இத எப்பிடியோ சல்மா உம்மா பொத்துவில்ல போய்ச் சொல்லியிரிக்கா. ரெண்டு நாளால ஷரிபுதீன் முதலாளி லான்மாஸ்டர் உழவு மெசின்ட பெட்டி நிறையக் கிடுகும் கம்பும் ஏத்திக்கொண்டு நம்மட வாசல்ல வந்து நிக்காரு. பெரிய நோன்புக்கு முந்தி வாற பராத் நோன்பு நாள், மனிசனுக்கு வயசும் போயிற்று, நாக்கு வறண்டு உதடு வெடிச்சிரிக்கு, ஒரு வாய் தண்ணி குடுக்கவும் ஏலா. வந்து அப்பாவுக்கு முன்னால கதிரையப் போட்டு இரிந்து, தங்கத்துரை, என்ட மகள்ட கலியாணம் மறுகா அகதி முகாமுக்குள்ள பந்தல் இல்லாமத்தான் முடிஞ்சது, நீ போட்ட அரைவாசிப் பந்தல் எனக்கு இன்னும் பாக்கி எண்டு சொன்னாரு. அப்பா எழும்பிப் போகல்ல. அந்தப் பாக்கிய எனக்குத் தரவேணாம், அந்த ஆமைக்குக் குடு, அல்லாஹ்வுக்காகக் கேக்கன் எண்டிட்டு, கிடுக இறக்கிப் போட்டிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான், வேற ஒரு கதை இல்ல. அடுத்த நாள் நான் எழும்பிப் பாக்கன், குழி தோண்டுற அலவாங்கக் காணல்ல, கயித்துப் பந்தக் காணல்ல, அப்பாவக் காணல்ல. தேத்தண்ணி கூடக் குடிக்கல்ல. நான் தலைய முடியவும் மறந்து கரைக்கு ஓடினன். அங்க அவர் கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு குழி தோண்டிக்கொண்டிரிக்காரு.

மூண்டு நாள் கட்டினாரு. முதல் நாள் முழுக்க முதுகுதான் கடலுக்கு, ஒரு தரம் திரும்பல்ல. நான் வாயத் திறக்கல்ல, சல்மா உம்மாட வாயையும் பொத்திவெச்சன், அதுதான் பெரிய வேலை. கம்புகள கூட்டுக்குத் தள்ளி நட்டு, கூரையக் கச்சான் வாற பக்கம் பதிச்சி, கடல் பக்கம் தூக்கி, காத்து உள்ளால வழுக்கிக்கொண்டு போற மாதிரி வெச்சாரு. கமீலா மிஸ் வந்து பாத்திட்டு, நல்லா இரிக்கு மாமா ஆனா நிழல் கூடிப்போச்சி, இப்பிடியே விட்டா முட்டையெல்லாம் குளுந்து ஆணாப் போயிரும், கொஞ்சம் வெயிலும் விழவேணும் எண்டா. நான் பயந்தன், கட்டின பந்தலில ஒருத்தர் குறை சொன்னா முந்தி உன்ட அப்பா கத்தியையும் கயித்தையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போயிருவாருதானே. இப்ப அந்தப் புள்ளையப் பாத்து, எது எடுக்கவேணும் சொல்லு எண்டாரு. அவ கம்பிய இறக்கி இறக்கிப் பாக்கிறா, அவர் மேல ஏறி ஒரு கிடுக எடுக்கிறாரு, மறுகாப் பாக்கிறா, அங்க ஒண்டச் சரிக்கிறாரு. ரெண்டுபேரும் நாள்க்கணக்கா இப்பிடி. ஆணும் வேணும் பெண்ணும் வேணும் எண்டா அதுக்கு ஏத்த நிழல் வேணும், அத அளந்து போடுற பந்தல இப்பதான் முதல் தரம் போடுறன் எண்டு அப்பா சொன்னாரு. சுலோ, இது உன்ட அப்பா சொன்ன பேச்சு. இவ்வளவு நீளமா.

அதுக்குப் பிறகு வயல் வேலை இல்லாத நாளெல்லாம் அவர் பந்தலுக்குக் கீழதான். காகம் கலைக்கன் எண்டுவாரு, நண்டுப் பொந்து அடைக்கன் எண்டுவாரு. முதுகு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிச்சி. நான் காணாத மாதிரிப் பாத்துக்கொண்டுதான் இரிந்தன். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவிலுக்கு வாங்க எண்டு கேட்டதுக்கு, கூட்ட விட்டிட்டு எப்பிடி வாற எண்டு சாட்டுச் சொன்னாரு. முந்தி எண்டா வரமாட்டன் எண்டுதான் சொல்லுவாரு, இப்ப வராததுக்கு ஒரு காரணம் இரிக்கு, அதே எனக்குப் பெரிய விசயமாப் போச்சி.

போன கிழமைக்கு முந்தின கிழமை, பொழுது படுற மைமல் நேரம். சல்மா உம்மாவும் மிஸ்ஸும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தக் கையில வெச்சிக்கொண்டு ரேடியோவில பாங்கு சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிரிக்காங்க. நான் கஞ்சி வாத்துக்கொண்டிரிக்கன். அப்பாதான் கண்டாரு, மணல் நடுவில கொதிக்கிற பால் மாதிரித் துடிக்குது எண்டு. மறுகா ஒரு தலை. ஒரு கால். அதுக்குப் பிறகு பாத்தா கறுப்புக் கறுப்பாக் கொட்டுண்ணுது, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி மிதிச்சிக்கொண்டு. பாங்கு சொல்லி முடிஞ்சி, ரெண்டுபேரும் நோன்பு திறக்க மறந்துபோய் அல்ஹம்துலில்லாஹ் எண்டு அழுறாங்க, நான் முருகா முருகா எண்டு அழுறன், கஞ்சிச் சட்டி மணலில. எல்லாம் வரல்ல மகள், கூட்டில பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் வந்தது, மிச்சம் உள்ளுக்கே போயிற்று. வந்ததுகள் ஒரு நிமிசம் நிக்கல்ல, கடல் வெளிச்சத்தப் பாத்து ஓடுது ஓடுது. கையால தூக்கப்படாது, அதுகளாத்தான் போகவேணும் எண்டு மிஸ் கத்துறா. அப்பா நண்டுக்கும் காகத்துக்கும் ஒரு மட்டையப் பிடிச்சிக்கொண்டு அதுகளுக்குப் பின்னால நடந்தாரு. நான் அவர்ட காலத்தான் பாத்துக்கொண்டிரிக்கன். ஈர மணலுக்கு வந்தாரு. நிக்கல்ல. அலை வந்து காலை நனைச்சிட்டுப் போச்சி, அப்பவும் பின்வாங்கல்ல. முதல் குஞ்ச அலை இழுத்துக்கொண்டு போகக்குள்ள அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கினத நான் கண்டன். ஓடிப்போய்ப் பிடிக்கவேணும் போல இரிந்தது, பிடிக்கல்ல.

எல்லாம் போன மறுகா, இதில எது ஆண் எது பெண் மிஸ் எண்டு சல்மா உம்மா கேட்டா. வெளியால பாத்துச் சொல்ல ஏலாதாம், வளந்த பிறகுதான் தெரியுமாம், ஆனா மணல்ட கணக்கப் பாத்தா ரெண்டும் கலந்துதான் இரிக்கும் எண்டா. அப்ப அப்பா கடலப் பாத்துக்கொண்டே சொன்னாரு, விதுசா இரிந்திரிந்தா இவ்வளவுக்கும் பேர் வெச்சிருப்பாள், ஒண்டையும் விட்டிருக்கமாட்டாள் எண்டு.

சும்மா சொன்னாரு மகள், கடைக்குப் போய்ட்டு வா எண்டு சொல்ற மாதிரி. திரும்பிப் பாத்தா மனிசன் வாய மூடிருவாரோ எண்டு பயந்து, ஓம், அந்தப் பூனைக்கு மூண்டு பேர் வெச்சவள்தானே எண்டு மட்டும் சொல்லிட்டு, சிந்தின கஞ்சிச் சட்டிய எடுத்துக் கழுவினன். வீட்டுக்கு வாற வழியில அவரே கதைச்சாரு, அவள்ட பள்ளிக்கூடச் சப்பாத்தப் பத்தி, அவள் ஊமத்தங்காயக் கடிச்சிட்டு எங்கள ஆஸ்பத்திரிக்கு ஓட வெச்சத பத்தி. நான் அழுதுகொண்டு வந்தன், இருட்டினதால தெரியல்ல. இப்ப வீட்டில அவள்ட பேர் புழங்குது சுலோ. எனக்கு வேற என்ன வேணும்.

மிஸ் சொல்றா, இந்தப் பந்தல் இந்த வருசத்துக்குத்தான், சூடு இன்னும் ஏறும், வருசா வருசம் கிடுகு கட்டி உலகத்தக் குளுத்த ஏலா எண்டு. அதுவும் உண்மைதான். அதால மழை விழுந்த உடனே கரை நீளத்துக்கும் தாழையும் பூவரசும் நடப்போறம். கொப்பு வெட்டித் தாறன் எண்டு ஷரிபுதீன் முதலாளி சொல்லிட்டாரு. மரம் வளருமட்டும் பந்தல் நிக்கும் எண்டு அப்பா சொல்றாரு. பெருநாளுக்கு சல்மா உம்மா வட்டிலப்பம் அனுப்பியிரிந்தா, அப்பா ரெண்டு தரம் வாங்கித் திண்டாரு, சீனி வருத்தம் வந்திரும் எண்டு நான் பறிச்சி வெச்சன். கவலப்படாத, இப்ப சண்டை பிடிக்க எனக்கு ஆள் இரிக்கு.

உன்னக் கேக்கிறது இதுதான், வேலை வேலை எண்டு நேரத்துக்குச் சாப்பிடாம இரிக்காத, மருமகனோட சின்னச் சின்னதுக்கு மூஞ்சிய நீட்டாத, பேரனோட வீட்டில தமிழ் கதை. தங்கச்சிட படத்த அவனுக்குக் காட்டு, சின்னம்மா எண்டு சொல்லிக் குடு. நீங்க மூண்டுபேரும் ஆயிசும் நிறைஞ்சி, மனமும் குளுந்து இரிக்கவேணும் எண்டு அந்த முருகனக் கேட்டுக்கொண்டு இத முடிக்கிறன். பதில் எழுத மறக்காத, படம் மட்டும் அனுப்பிட்டு விட்டிராத. எழுதின தாள அப்பாவுக்குக் காட்டினன், வாசிச்சிட்டுப் பேனையக் கேட்டாரு. குடுத்திரிக்கன்.

என்றும் உன்ட நினைவோட,
அம்மா,
த. கனகாம்பிகை.

சுலோ, அப்பா எழுதுறன். எழுதிப் பழக்கமில்ல, பாத்து வாசி. அம்மா எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவா, பந்தல் அவ்வளவு பெரிசில்ல. மார்கழியில தங்கச்சி போன நாளுக்கு நம்மட பழைய வளவில, அவள் விளையாடின இடத்தில ஒரு பந்தல் போட்டு வெள்ளைச் சீலை கட்டுவம் எண்டு நினைக்கன். அண்டைக்கு நம்மட புள்ளைக்கு ஒண்டும் செய்யல்ல. கம்பு எடுத்து வெச்சிட்டன். ஒரு பக்கம் நான் கட்டுறன், மத்தப் பக்கம் கயிறு பிடிக்க நீ வருவியா மகள்?